அத்தை எடுத்துப்போன குருத்தோலை

காய்ந்த குருத்தோலை எரிகிற வாசனை விறகு வாசனையும் அல்ல, சருகு வாசனையும் அல்ல. முதலில் லேசாக எண்ணெய் காய்வதுபோல் தொடங்கி, பிறகு தொண்டையைப் பிடித்து, கடைசியில் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டால் எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் போகாது. புனேயில் ஏரவாடாவின் மேட்டுச் சந்து ஒன்றில் வளர்ந்த எனக்குத் தவக்காலம் என்றதும் அந்த வாசனைதான் முதலில் வரும். ஜெபம், ஒருவேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எங்கள் வீட்டில் தவக்காலத்தைத் 'தபசு காலம்' என்பார்கள். குருத்து ஞாயிறன்று கோவிலில் மந்திரித்துக் கொடுக்கும் தென்னங்குருத்தை வருஷம் முழுவதும் இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்து, அடுத்த வருஷம் தபசு காலம் தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை கோவிலுக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கே எல்லார் வீட்டு ஓலையையும் சேர்த்துக் கொளுத்தி, சாம்பலைச் சலித்து, மறுநாள் சாம்பல் புதனன்று ஃபாதர் அதைத்தான் எங்கள் நெற்றியில் பூசுவார். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடவும் கூடாது, வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது என்பது எங்கள் சந்தில் சட்டம்.

அந்தச் சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரி என் அத்தை. அப்பாவுக்கு அக்கா, பெயர் அடைக்கலம். இளம் வயதிலேயே கணவரைப் பறிகொடுத்துவிட்டு, ஒரே மகனோடு எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அரிசி வந்த 'போரி'ச் சாக்கு ஒன்றை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால், சந்திலிருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர் வீடு ஒன்றுவிடாமல் நுழைந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஓலையை உருவிக்கொண்டு வந்துவிடுவார். யாரையும் கேட்கிற வழக்கம் கிடையாது, ஏனென்றால் யாரும் மாட்டேன் என்று சொன்னதும் கிடையாது. வீட்டுக்காரி வேலைக்குப் போயிருந்தால் என்ன, அத்தைக்குத் தெரியாத தாழ்ப்பாள் அந்தச் சந்தில் இல்லை.

அந்த வாரம் முழுவதுமே ஒரே அமளியாக இருக்கும். கறி வெந்த பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றுவார்கள். கருவாட்டு டப்பா எதிர்வீட்டு ஷோபா மாவ்ஷியிடம் குடியேறிவிடும். மராத்திக்காரியான அந்த மாவ்ஷிக்கு எங்கள் விரதத்தைப் பார்த்தால் சிரிப்புத் தாங்காது. சாதம் சாப்பிடலாம், வெங்காயம் சாப்பிடலாம், மீனும் கறியும் மட்டும் கூடாதென்றால் இது என்ன 'உபவாஸ்', ஜவ்வரிசிக் கிச்சடியைத் தவிர வேறொன்றும் தொடாமல் இருந்து பாருங்கள் தெரியும் என்பார். அவர் கிச்சடியில் மிதக்கிற நெய்யைப் பார்த்தவர்கள் நாங்கள், ஆனால் பதில் பேச மாட்டோம்.

வீட்டில் ஆளுக்கொன்றை விட்டுவிட வேண்டும் என்பதும் உண்டு. அப்பா ஒவ்வொரு வருஷமும் சிகரெட்டை விடுவார், வெள்ளிக்கிழமைக்குள் அது அவரைத் தேடி வந்துவிடும். நான் வடாபாவை விட்டேன். பாவ் ரொட்டி இல்லாமல் வெறும் வடையைத் தின்றால் கணக்கில் வருமா என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது சவரி மாமாவின் குருத்தைப் பற்றி. சவரிமுத்து என் அம்மாவின் ஒரே தம்பி. திருச்சிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தவர். அப்பா வேலை செய்த ஆகுர்டி வண்டித் தொழிற்சாலையிலேயே அவருக்கும் கான்ட்ராக்டில் வேலை கிடைத்தது. விடிகாலை இருட்டில் இருவரும் லோக்கல் ரயில் பிடிக்க ஓடுவார்கள். மாமாவுக்கு ஹிந்தியும் வராது, மராத்தியும் வராது, ஆனால் சந்திலிருந்த அத்தனை குழந்தைகளும் அவர் பின்னால்தான் திரிந்தன, காரணம் அவருடைய விரல்கள். குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து ஓலையில் கிளி, கிலுகிலுப்பை, கைக்கடிகாரம் என்று பின்னித் தள்ளுவார். ஒரு வருஷம் அம்மாவுக்கென்று தனியாக ஒரு சிலுவை பின்னினார். சிலுவையைச் சுற்றி முள்முடிபோல் ஒரு வளையம், அதில் ஒட்டும் இல்லை, நூலும் இல்லை, எல்லாம் ஒரே ஓலை. "எங்க அவுக்கிறதுன்னு கண்டுபிடி பாப்போம்," என்று அம்மாவைச் சீண்டினார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போடா வேலையத்தவனே," என்று சொல்லிப் படத்துக்குப் பின்னால் செருகினார்.

அந்த வருஷத்து மழைக்காலத்தில் மாமாவுக்கு மஞ்சள்காமாலை கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இங்கேயே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு அம்மா தம்பியைப் பற்றிப் பேசவே மாட்டார். ஆனால் விளக்கு வைக்கும்போது படத்துக்குப் பின்னால் விரலைவிட்டு அந்த ஓலையை ஒருமுறை தொட்டுவிட்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கோவிலுக்குக் கொடுக்கப்போவதில்லை என்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று அத்தைக்கும் தோன்றவில்லை.

மாமா இறந்தபின் வந்த முதல் தபசு காலம் அது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த அம்மா அன்று மாலை வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, விளக்கு வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "குருத்து எங்கடி?" என்றார். அத்தை காலையில் வந்து எடுத்துப்போனதைச் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கிவிட்டார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

கோவிலுக்குப் பின்புறம் தகர டின்னில் எரித்து முடித்திருந்தார்கள். அத்தையும் வேறு சில பெண்களும் வெள்ளைத்துணி கட்டிச் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் கரி. அம்மாவைப் பார்த்ததும் அத்தைக்கு ஒரே சந்தோஷம். "வா ஸ்டெல்லா. நம்ம சவரி குருத்தத்தான் மொதல்ல போட்டேன். அதுலதான் தீ பத்துச்சு," என்றார்.

அம்மா டின்னின் விளிம்பில் கையை வைத்தார். சூடு பட்டதும் எடுத்துக்கொண்டார். "யாரக் கேட்டு எடுத்தீங்க, அண்ணி?" என்று மட்டும் கேட்டார்.

சலித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. "மந்திரிச்ச ஓலை புள்ள, வெச்சிருக்கக் கூடாதே... எல்லாரு ஓலையோடயும் அவனோடதும் சேரட்டும், எல்லாரு நெத்தியிலயும் அவன் இருக்கட்டும்னுதான்..." என்று அத்தை தடுமாறினார். அம்மா அதைக் கேட்க நிற்கவில்லை.

அத்தை மாமாமேல் உயிரையே வைத்திருந்தவர். ஆஸ்பத்திரியில் ராத்தங்கலுக்கு அவர்தான் போனார். தம்பி ஞாபகமாக அம்மாவுக்கு இருந்ததும் அந்த ஓலை ஒன்றுதான். அன்று எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேரையும் நினைத்து அழுகையும் வந்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ஒரு குழந்தை படுகிற பாடு பெரியவர்களுக்குப் புரிவதில்லை.

மறுநாளிலிருந்து கறி கிடையாது என்பதால் அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு வீட்டுக்குமாகச் சேர்த்து அத்தைதான் ஆட்டுக்கறிக் குழம்பு வைப்பார். அன்றும் வைத்து, மகனிடம் கொடுத்தனுப்பினார். அம்மா மூடியைக்கூடத் திறக்கவில்லை. அப்பா கொஞ்ச நேரம் குழம்பையும் அம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். மறுநாளைக்கு வைத்திருக்கவும் முடியாது, திருப்பி அனுப்பவும் முடியாது. கடைசியில் அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஷோபா மாவ்ஷி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் தயிர்சாதம் சாப்பிட்டோம். அந்த நாளில் தயிர்சாதம் தின்ற கத்தோலிக்கக் குடும்பம் புனேயில் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னார்: "நாளைக்கு நான் சாம்பல் வெச்சுக்க மாட்டேன். மண்ணுல வெச்சவன எரிச்சுட்டாங்களே. அந்தச் சாம்பல எப்படிங்க நான் நெத்தியில வெச்சுக்கறது?"

அம்மா கோவில் காரியம் எதையும் தவறவிட்டவர் அல்ல. காய்ச்சலோடு சிலுவைப்பாதைக்கு முட்டி போட்டவர். அவரே அப்படிச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிவிட்டு வந்தால் அத்தை வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு, அத்தை மடியில்தான் தூக்கம். இனி அந்த வீட்டுக்குப் போகலாமா கூடாதா என்பதுதான் அன்றைக்கு என் ஒரே கவலை. கேட்கத் தைரியம் இல்லை.

புதன்கிழமை மாலைப் பூசைக்கு அம்மா வரத்தான் செய்தார். ஒருசந்தி இருந்ததில் முகம் வாடியிருந்தது. எங்கள் வரிசை எழுந்து போனபோது அவர் மட்டும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அப்பா என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார். மண்ணிலிருந்து வந்தவர்கள் மண்ணுக்கே திரும்புவோம் என்பதை ஃபாதர் எனக்கு மராத்தியில் சொல்லி நெற்றியில் பூசினார். சாம்பல் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. திரும்பி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அம்மா என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். மூக்கின்மேல் உதிர்ந்திருந்த துணுக்கைத் துடைக்கப் போவதுபோல் கையைக் கொண்டுவந்தார், ஆனால் துடைக்கவில்லை. பிறகு எழுந்தார். வரிசையே முடிந்து ஃபாதர் கிண்ணத்தை மூடப்போகும் நேரத்தில் கடைசி ஆளாகப் போய் நெற்றியைக் காட்டினார்.

திரும்பி வந்தவர் எங்கள் பெஞ்சில் உட்காரவில்லை. தாண்டிப் போனார். அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சின் ஓரத்தில் அத்தை முக்காடு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார், நெற்றியில் ஒன்றுமில்லை. சாம்பலைச் சலித்துக் கொடுத்தவர் வாங்கிக்கொள்ளப் போகவே இல்லை. அம்மா அவருக்கு முன்னால் நின்றார், தன் நெற்றியில் பெருவிரலை அழுத்தி எடுத்தார், அத்தையின் முக்காட்டை விலக்கி அந்தச் சாம்பலை அவர் நெற்றியில் பூசினார்.

"நீங்க வெச்சுக்காம போனா அவன் கோவிச்சுக்குவான், அண்ணி," என்றார்.

அத்தை கோவில் என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதார். இப்படியெல்லாம் செய்யலாமா என்று முன் பெஞ்சில் யாரோ முணுமுணுத்தார்கள். ஃபாதர் பார்த்தும் பார்க்காததுபோல் ஜெபத்தைத் தொடர்ந்தார். வெளியே வந்ததும் அம்மா, "பசி தாங்கல அண்ணி, உங்க வீட்டுல கஞ்சி இருக்கா?" என்று கேட்டார். அன்று நாங்கள் எல்லாரும் அத்தை வீட்டில்தான் கஞ்சி குடித்தோம். துவையல் காரம் என்று அம்மா குறை சொன்னார், அத்தை திருப்பிச் சொன்னார், எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இப்போது அந்தச் சந்து இல்லை. வீடுகளை இடித்துவிட்டு மாடிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். அத்தை தன் மகனோடு புனேக்கு வெளியே தளேகாவுக்குப் போய், அங்கேயே காலமானார். கல்லறைத் தோட்டத்தில் மாமாவை வைத்த இடத்தில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். ஆகுர்டியில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பக்கத்துக் கோவிலில் சாம்பல் டப்பாவில் வருகிறது, மாவுபோல அத்தனை நைசாக. குருத்து ஞாயிறன்று கையில் ஓலை கொடுக்கிறார்கள், திருப்பிக் கேட்பதுதான் இல்லை. அம்மாவுக்கு மந்திரித்ததைக் குப்பையில் போட மனம் வராது. எங்கள் படம் சுவரிலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, பின்னால் அத்தனை வருஷத்து ஓலை. "இது சுகா கச்ராதான, பாட்டி? டிரையில போட்டுடவா?" என்று என் மகன் உலர்குப்பைக் கூடையைக் காட்டித் தன் அரைகுறைத் தமிழில் கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் காலையில் காலிங் பெல் அடித்தது. முட்டிவலியோடு உள்ளே படுத்திருந்த அம்மா, "குருத்து கேட்டு யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றார். கூரியர் என்றேன். நானே கோவிலில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"கொடுத்துட்டு வரலாம்டி. ஆனா கேக்காம எடுத்துட்டுப் போக இப்ப யாரு இருக்கா?"