சத்தமில்லாமல் பார்த்த படம்

ஜெயராமனைக் கல்நெஞ்சுக்காரர் என்றுதான் அந்த குவார்ட்டர்ஸ் பிளாக்கே சொன்னது. பெண்டாட்டி தமயந்தி போய்ச் சேர்ந்த அன்று அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. காரியம் முடிந்த மறுநாளே டிபன் பாக்ஸில் தயிர்சாதத்தை அடைத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? உண்மையில் அவருக்கு அழுகை மட்டுமல்ல, கோபமும் வரவில்லை, பசியும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ராசபாளையத்துப் பக்கத்திலிருந்து வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்தவர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓடுகிறதா, எங்காவது சிக்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிற வேலை. ராத்திரி முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவனுக்குப் பகலில் ஒரு கரண்டி விழுந்தாலும் தூக்கம் போய்விடும். அதனால் நைட் ஷிப்ட் வாரத்துக்கென்று குவார்ட்டர்ஸ் வீடுகளில் தனிச் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தில் தமயந்தி கெட்டிக்காரி. அந்த வாரம் முழுக்கக் குக்கர் கிடையாது, வடித்த சோறுதான். கேட் கொக்கியில் பழைய துணியைச் சுற்றிவிடுவாள். காலிங் பெல்லை அணைத்துவிடுவாள். தெரு முழுக்கக் கூவிக்கொண்டு வரும் கீரைக்காரம்மாகூட அந்த வாசலில் மட்டும் கையைத்தான் ஆட்டுவாள். வீடு பற்றி எரிந்தாலும் நைட் ஷிப்ட் பார்த்தவனை எழுப்பக் கூடாது என்று பேச்சுக்குச் சொல்வார்கள். தமயந்தி அதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் போனதும் அப்படி ஒரு வாரத்தில்தான். காலையில் வந்து படுத்தவர் மத்தியானம் எழுந்து அடுப்படிக்குப் போனபோது, அவள் சுவரில் சாய்ந்தபடி சில்லிட்டுப் போயிருந்தாள். நடுவில் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ருக்குமணி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்திருக்கிறாள். "அண்ணனை எழுப்பட்டுங்களாக்கா?" என்றதற்கு, "வேணாம், இப்பதான் கண்ணசந்தாரு. வாய்வுதான், தானா சரியாயிரும்" என்றாளாம். ருக்குமணி இதை இழவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். "உயிர் போற நேரத்துலயும் புருஷன் தூக்கத்தக் கெடுக்கலயே, மகராசி!" கேட்ட பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எதைப் புகழ்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா மனிதர்களுக்கு?

ஜெயராமனுக்கு மரத்துப் போனது ருக்குமணி சொல்லக் கேட்ட அந்த நிமிஷத்தில்தான். ஏன் கூப்பிடவில்லை? ஒரு குரல் கொடுத்திருந்தால் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாரே. அவருக்குள் இந்த ஒரு கேள்விதான் பெல்ட் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பகலில் படுப்பார், கண்ணை மூடுவார், தூக்கம் வராது. யாரிடமும் எதுவும் சொல்லவும் மாட்டார்.

மகள் இளவேனில் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பா இப்படியே இருந்தால் இவரையும் இழந்துவிடுவோம் என்று அவளுக்குப் பயம். ஒரு வார்த்தை பேசிவிட்டால், ஒரு முறை அழுதுவிட்டால் போதும் என்று லீவு போட்டுவிட்டு வந்தாள். அழ வைக்க வழி தெரியாமல், சினிமாவுக்குக் கூப்பிட்டாள். "காற்றரசன் படத்த மறுபடியும் புதுசா எடுத்திருக்காங்கப்பா. மந்தாரக்குப்பத்துல ஓடுது." வாங்க என்றால் வருவார், உட்காருங்க என்றால் உட்காருவார். ருக்குமணியின் புருஷன் குழந்தைவேலும் சேர்ந்துகொண்டான். கம்மாபுரத்துக்காரன், காண்ட்ராக்ட்டில் வேலை, காற்றரசன் என்றால் உயிர்.

காற்றை அடக்கி ஆளும் அந்த வெளிநாட்டு வீரனின் பழைய படத்தைத் தமிழில் பேசவிட்டு, கிளப் மைதானத்தில் திரை கட்டிப் போட்டபோது, ஜெயராமன் புதுப் பெண்டாட்டியோடு தரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். காற்றரசன் பறக்கும்போது முதுகில் கட்டிய கம்பி பளபளவென்று தெரியும். "பாருங்க, கொடிக் கம்பியில வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்காரு" என்று தமயந்தி சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு மகளுக்காக அந்தப் படத்தின் சிடியையும் வாங்கி வைத்தாள்.

புதுப் படத்தில் கம்பி தெரியவில்லை. திரை முழுக்கச் சூறாவளி, காது கிழிகிற சத்தம். ஜெயராமன் பாப்கார்ன் பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு பார்த்துமுடித்தார்.

வெளியே டீக்கடையில் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

"என்னா படம் இது?" என்றான் குழந்தைவேல். "பழசுல கப்பல் தீப்புடிச்சி எரியும். அந்தப் பொண்ணு நடுவுல மாட்டிகினு நிக்கும். இவரு காத்தா வந்து அப்டியே தூக்கிகினு போவாரு. இதுல வர்றதுக்குள்ள செத்துப் பூடுது. சம்சாரத்தக் காப்பாத்தத் தெரியாதவன் இன்னா அரசன்?"

"அதுதான் மாமா நல்லாருக்கு," என்றாள் இளவேனில். "எப்பவும் சரியான நேரத்துக்கு வந்தா அவன் மனுஷனே இல்ல. இதுல அவ கூப்பிடுற கூப்பாடு இருக்கே, எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிருச்சு. பழசுல அவ சும்மா வாயைத் திறந்துக்கிட்டு நிப்பா, அவ்வளவுதான்."

"இன்னாம்மா நீ? அதுலயும்தான் கத்தும். மைதானம் பூரா கேட்டுதே!"

இளவேனில் கொஞ்சம் யோசித்தாள். "எனக்குத் தெரியாது மாமா. எங்க வீட்ல அந்தப் படம் சத்தமில்லாமத்தான் ஓடும். அப்பா உள்ள தூங்குவாரு. அம்மாதான் காதுல ஒவ்வொண்ணா சொல்லும். கப்பல் வந்ததும், 'இப்ப கூப்பிடுறா பாரு, அவன் வந்துருவான்'னு சொல்லும்." சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கப்பா. எது நல்லாருக்கு?"

ஜெயராமன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒண்ணுல வந்துடுறான், ஒண்ணுல வரல. ஆனா ரெண்டுலயும் அவ கூப்பிடுறா." கிளாஸைக் கீழே வைத்தார். "உங்கம்மா கூப்பிடவே இல்ல."

 அம்மாவும் தானும் சேர்ந்து எத்தனை வருஷம் அந்த வீட்டில் பேசாமல் இருந்து பழகியிருக்கிறோம் என்று இளவேனிலுக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டான். "டீ ஆறுதுண்ணே" என்றான் பிறகு.

மறுநாள் நைட் ஷிப்ட். அதற்கடுத்த காலை அவர் வீடு திரும்பியபோது கேட் கொக்கியில் துணி சுற்றியிருந்தது. கை பழகிய பழக்கம், இளவேனில்தான் சுற்றியிருந்தாள். ஜெயராமன் அதை அவிழ்த்துக் குப்பையில் போட்டார். "இதெல்லாம் இனி வேணாம்மா. குக்கர வை. டிவியப் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்.

அவள் குக்கரை ஏற்றினாள். குழந்தைவேல் சொன்னது நிஜம்தானா என்று பார்க்க, பழைய சிடியைத் தேடி எடுத்துப் போட்டாள், முதல் முறையாகச் சத்தத்தோடு. காற்றரசனுக்கு இவ்வளவு கீச்சுக் குரல் என்று இத்தனை வயசில்தான் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா கொடுத்த குரல் எவ்வளவோ தேவலை.

கப்பல் எரிந்தது. அந்தப் பெண் வாயைத் திறந்தாள். வீடு அதிர்ந்தது. "எங்கே இருக்கிறாய்? வந்துவிடு! வந்துவிடு!"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஜெயராமன் அவிழ்ந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். கண் இன்னும் திறக்கவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு நிஜமாகவே தூங்கியிருக்கிறார். டிவி பக்கம் அவர் திரும்பவில்லை, நேரே அடுப்படி வாசலில் போய் நின்றார்.

"கூப்பிட்டியா?"

இளவேனில் டிவி முன்னாலிருந்து எழுந்து வந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமாப்பா. கூப்பிட்டேன்."

"கேட்டுச்சு," என்றார் அவர். "உடனே கேட்டுச்சு."

அப்படியே தமயந்தி சாய்ந்திருந்த சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தார். இளவேனில் டிவியின் சத்தத்தைக் குறைக்கவில்லை.