மஞ்சள் முடிச்சில் ஐம்பது சதம்

கட்டுகஸ்தோட்டையில் பழைய தளபாடக் கடையொன்றில் அந்தப் பெட்டியைக் கண்டதும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இழுத்துத் திறக்கும் ஏழு தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் காசு வைக்க வட்டக் குழிகள், குழிக்குள் சிவப்பு வெல்வெட். என்னிடமிருந்த பழைய நாணயங்கள் அத்தனையையும் விற்றாலும் பெட்டியின் விலை வராது. வாங்கிவிட்டேன். அதுவரை அவை கிடந்த பிஸ்கட் டின்னைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் என் அட்டகாசம் தாங்க முடியாது. கண்டி மழைக்கு அலுமாரியில் தொங்கும் சட்டையே பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளிக் காசு கறுக்காதா? சப்பாத்துக் கடைகளில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைக் கெஞ்சி வாங்கி வந்தேன். பள்ளிக்கூட பேண்ட் வாத்தியப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு, காசை விளிம்பில் மட்டும் பிடித்து, மூச்சுப் படாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மனைவியைக் கிட்ட அண்டவிட்டதில்லை. "சமைச்ச கை, தொடாத" என்பேன். அந்தக் கை சமைத்ததைத்தான் மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்தேன்.

மேல் தட்டின் நடுக் குழி, வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை போட்ட வெள்ளி ஐம்பது சதத்துக்கு. அதை நான் துலக்கியதே இல்லை. பழைய காசைத் தேய்த்தால் மதிப்புப் போய்விடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுப்பேன்.

பிறகு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைத்து வீடு திரும்பி, காலூன்றத் தெம்பில்லாமல் தள்ளாடியபடி முதலில் திறந்தது பெட்டியைத்தான். நடுக் குழி காலி.

போட்டேன் ஒரு சத்தம். தோடம்பழத்தோடு என்னைப் பார்க்க வந்த சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக மனதுக்குள் கள்ளனாக்கினேன். மனைவி சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தாள்.

"நான்தாங்க எடுத்தேன். ஒங்களுக்கு மோசமா இருக்குன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கு, அம்மனுக்கு முடிஞ்சு வச்சேன். மாத்தளை கோயிலுக்குப் போயி உண்டியல்ல போடணும்."

மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணி, அதற்குள் என் வெள்ளிக் காசு!

"பெட்டி நெறையக் காசு இருக்கே, இதுதான் கெடச்சுதா? வேற காசு போட்டா அம்மன் கோவிச்சுக்குமா? இதவிடப் பெருசாவே தர்றேன்."

"கைக்குக் கெடச்சத எடுக்கலீங்க. பாத்துத்தான் எடுத்தேன். ஒங்க உசுரத் திருப்பித் தாம்மான்னு கேட்டேன். அதுக்கு ஒங்களுக்கு எது பெருசோ அதத்தானே குடுக்கணும்?"

அழுகை வந்தது, காய்ச்சல் களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

உடம்பு தேறியதும் மாத்தளை பஸ் ஏறினோம். உண்டியல் முன்னால் அவள் முடிச்சை அவிழ்த்து, "ஒருக்கா பாத்துக்கங்க" என்றாள். ராஜாவுக்கு மூக்கு வரை மஞ்சள். பெட்டி வாங்கிய பிறகு வெறுங்கையால் நான் அதைத் தொட்டது அன்றுதான். உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பொத்திப் பிடித்தேன், பிறகு போட்டேன். வெள்ளியை விழும் சத்தத்தில் கண்டுபிடிக்கிறவன் என்று பீற்றிக்கொள்பவன் அல்லவா, காதைக் கொடுத்தேன். நோட்டுகளின் மேல் விழுந்திருக்க வேண்டும், சத்தமே வரவில்லை.

நடுக் குழியில் நான் வேறெதையும் வைக்கவில்லை. அங்கே இருந்த காசு என்ன பெறும் என்று கேட்கிறவர்களை அடுப்படிக்கு அனுப்பிவிடுகிறேன். அவளைத்தான் கேட்க வேண்டும்.