பெற்றவளுக்கு வைத்த அரிஷ்டம்

பம்பாய் மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், ராஜலக்ஷ்மியின் வீட்டுக் கட்டிலுக்கடியில் ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. பெட்டி நிறைய மரத்தூள். அதற்குள் கழுத்துவரை புதைந்து ஓர் ஊறுகாய்ப் பரணி. பரணிக்குள் திராட்சாரிஷ்டம். வெள்ளைக்காரன் வீட்டில் திராட்சையைப் புளிக்க வைத்தால் அதற்கு ஒயின் என்று பெயர். பாலக்காட்டு ஐயர் வீட்டில் வைத்தால் மருந்து. வெல்லமும், புளிப்பேற்றும் தாதிரிப்பூவும், திப்பிலியும் சேர்ந்துவிட்டால் ஆசாரக்காரர்கள்கூட வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு அவுன்ஸ் கேட்பார்கள்.

அவள் அதைப் போட்டு வைத்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், வயிற்றில் ஏழாம் மாதம் இருந்தபோது. அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. ஏழாம் மாதத்தில் போட்டால் பிரசவத்துக்குள் பக்குவமாகிவிடும். குழந்தை பிறந்த பிறகு தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு அவுன்ஸ், பெற்ற உடம்பு தேற. ஊரில் பரணியின் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து மூடி நெற்குவியலுக்குள் புதைத்து விடுவார்கள். சூடு ஒரே சீராக இருக்கும். பம்பாயில் அரிசியே ரேஷனில் வந்த வருஷம், நெற்குவியலுக்கு எங்கே போவது? ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்த அவள் கணவர் வேங்கடசுப்ரமணியன், மரக்கடையில் கெஞ்சி மரத்தூள் வாங்கித் தலையில் சுமக்காத குறையாகக் கொண்டுவந்தார்.

"இதை எத்தனை நாள் இப்படி வைக்கணும்?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் அடங்கிக் கிடக்கணும். அப்புறம் எத்தனை வருஷம் இருந்தாலும் நன்னாத்தான். பழகப் பழக வீரியம் ஜாஸ்தி."

"அப்போ எனக்கும் ஒரு அவுன்ஸ் உண்டோ?"

"உங்களுக்கு எதுக்கு? பெத்தவளுக்காக்கும் அது."

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ராஜலக்ஷ்மிக்குத் தாயார் இல்லை. பக்கத்தில் இருந்து பார்க்க ஒருவரும் இல்லை. ஜன்னி கண்டு கிடந்தவள் கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை.

வேங்கடசுப்ரமணியன் நல்ல மனுஷர். அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் மனைவிக்குச் செய்யும் உதவி என்று முடிவு கட்டிவிட்டார். நல்ல மனுஷர்கள் இப்படி வாயை மூடிக்கொண்டே எத்தனை பேரைத் தனியாக விட்டிருக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் தேவலை.

பால் மட்டும் யாரையும் கேட்காமல் சுரந்தது. மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்ட வேண்டும் என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வந்து, அவளே கடைத்தெருவுக்குப் போய்ப் பூ வாங்கி வந்தாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவர் மேஜைமேல் இருந்த பூவைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பூ வாங்கிண்டயா? ரொம்ப நல்லது. இப்படித்தான் இருக்கணும்" என்றார்.

அவள் பூவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அழுத அழுகையை அவள் அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

பரணியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தொட்டிலில் குழந்தை இல்லாதபோது பிரசவ மருந்து எதற்கு? ஒரு மாதம் ஆனதும் வடிகட்டியிருக்க வேண்டும், அவள் திறக்கவில்லை. சாக்கடையில் கொட்ட மனம் வரவில்லை. எடுத்துக் குடிக்கத் தனக்கு உரிமை இருப்பதாகவும் தோன்றவில்லை. பெருக்கும்போது பெட்டியை நகர்த்துவாள், பிறகு பழைய இடத்துக்கே தள்ளுவாள். யுத்தம் முடிந்தது. கட்டடத்துப் பெண்கள் சீமந்தத்துக்கு அழைக்கும்போது அவள் வாசலை மட்டும் மரியாதையாகத் தாண்டிப் போனார்கள். கணவர் ஆபீஸ் போனபின் சாயங்காலம்வரை அவளோடு பேச ஆளில்லை.

நாற்பத்தாறில் மேல்மாடி ஷ்யாமளாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷ்யாமளாவின் தாயார் இறங்கி வந்தாள்.

"ராஜம், உங்காத்துல பழைய அரிஷ்டம் இருக்காமே? கடையில விக்கறது வெறும் தண்ணியாட்டம் இருக்கு. ஷ்யாமளாவுக்குக் கொஞ்சம் கிடைக்குமோ?"

யார் சொல்லியிருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வேங்கடசுப்ரமணியன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"கொஞ்சம் என்ன மாமி, பரணியோட எடுத்துண்டு போங்கோ. சும்மாத்தானே கிடக்கறது" என்று கட்டிலுக்கடியில் குனிந்தார்.

"தொடாதேங்கோ" என்றாள் ராஜலக்ஷ்மி.

குனிந்தவர் அப்படியே நிமிர்ந்து பார்த்தார். "ஏன்? பெத்தவளுக்குன்னு நீதானே சொன்னே?"

"நானும் பெத்தவதான்."

மாமி விவரம் தெரிந்தவள். "நான் அப்புறமா வரேம்மா" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படியேறிப் போனாள்.

ராஜலக்ஷ்மி பெட்டியைத் தானே இழுத்தாள். காய்ந்த களிமண்ணைக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்தாள். இத்தனை நாளில் காடியாகப் போயிருக்குமோ என்று தோன்றியது. புளித்துப்போயிருந்தால் அதுவும் தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். வெள்ளைத் துணியில் கொஞ்சம் வடிகட்டி, அவுன்ஸ் கிளாஸில் ஊற்றிக் குடித்தாள். முதலில் துவர்த்தது. அப்புறம் இனிப்பு. அதற்கப்புறம் தொண்டையிலிருந்து வயிறுவரை வெதுவெதுவென்று இறங்கியது. கெட்டுப்போகவில்லை. இப்படி ஓர் அரிஷ்டத்தை அவள் பிறந்த வீட்டில்கூடக் குடித்ததில்லை.

"ஷ்யாமளாவுக்கு ஒரு பாட்டில் நிறைய ஊத்தித் தரேன். முதல்ல எனக்கு" என்றாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

வேங்கடசுப்ரமணியன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். மரத்தூளைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

"நான் பார்த்தேன், ராஜம். நான்தான் கையில வாங்கிண்டேன். துணியில சுத்திக் கொடுத்தா. தலை நிறைய முடி. மூக்கு அப்படியே உன்னோட மூக்கு."

அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் சொல்லுங்கோ" என்றாள்.