என் முகம் பார்த்துச் சிரித்தவர்

நான் எழுதித் தயாரிக்கும் நகைச்சுவைத் தொடரைப் பாசிர் ரிஸ் வீட்டில் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டிலும் அதே தொடர்தான். அவர்கள் சிரிப்பு சுவர் வழியாகக் கொஞ்சம் பிந்தி வருகிறது.

அப்பாவும் பிந்தித்தான் சிரிப்பார். செம்பவாங் கப்பல் பட்டறையின் இரும்புச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டிருந்தது. டிவியில் நாடகம் ஓடும்போது, கிரீஸ் வாசம் போகாத கையில் முகவாயைத் தாங்கியபடி என் முகத்தையே பார்ப்பார். நான் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

"என்னடா சொன்னான்?"

எழுந்து நடித்துக் காட்டுவேன். மறந்துபோன வசனத்தை நானே இட்டுக்கட்டுவேன்.

"அவனவிட நீ நல்லாப் பண்றே லா!" என்று தொடையைத் தட்டுவார். அதைக் கேட்கத்தான் எழுதவே வந்தேன்.

சுவருக்கு அப்பால் மறுபடி சிரிக்கிறார்கள். அப்பா மட்டும் இங்கே இருந்திருந்தால், என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருப்பார்.