மாடிப்படித் திருப்பத்தில் ரெமிஜியஸ்

புது ஃபிளாட்டை ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்து முடித்ததும் விருந்தாளிகள் எல்லாரும் சமையலறையைப் பார்க்கப் போவார்கள். ரெமிஜியஸ் மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் டேப்பை விரித்துக்கொண்டு நிற்பார். வீட்டுக்காரர் முகம் கறுத்துவிடும். ரெமிஜியஸ் சவப்பெட்டி செய்கிறவர் என்பது பெங்களூர் காக்ஸ் டவுனில் யாருக்குத்தான் தெரியாது? "தப்பா நெனைக்காதீங்க சார், நூறு வருசம் நல்லா இருங்க. அளவு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிரியாணிக்கு முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுவார்.

அவர் பையில் உளி, இழைப்புளியோடு பள்ளிப் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்றும் கிடக்கும். எஸ்எஸ்எல்சியில் கணக்கில் எண்பத்தெட்டு. மற்றப் பாடங்களின் மார்க்கை நாம் கேட்கக் கூடாது, அவரும் சொல்ல மாட்டார்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்பியவர்கள், மனிதர்கள் நடந்து ஏறுவதைத்தான் யோசித்தார்கள். ஒருநாள் படுத்தபடி இறங்குவார்கள் என்று யோசித்தவர் இவர் ஒருவர்தான். சில இடங்களில் பெட்டியை லிஃப்டில் நிமிர்த்தி நிறுத்தி இறக்குகிறார்கள். அதைக் கேட்டாலே இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "செத்தவங்கள நிக்க வெக்கலாமா சார்? உசுரோட இருக்கச்ச அவங்க நின்னதெல்லாம் பத்தாதா?"

தொண்ணூற்றொன்பது ஜூலையில், எதிர்க் கட்டடத்து மூன்றாவது மாடியில் பியாட்ரிஸின் அம்மா இறந்துபோனார். நான்கு வருடம் படுக்கை. தூக்கி உட்கார வைத்தாலே வலியில் துடித்தவர். பியாட்ரிஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அம்மாவ நிக்க வெச்சு மட்டும் எறக்காதீங்கண்ணே."

துபாயிலிருந்து வந்திறங்கிய அவள் தம்பிக்கோ, வெளிநாட்டுப் பாணியில் நீள்சதுரப் பெட்டிதான் வேண்டும். ரெமிஜியஸ் படியில் உட்கார்ந்தார். ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று அட்டையில் திருப்பத்தை வரைந்தார். இரண்டு பக்கமும் மூன்றே அடி அகலம். இன்னோர் அட்டையில் இரண்டு பெட்டிகளை வெட்டினார். ஒன்று நீள்சதுரம். மற்றொன்று தோளருகே அகன்று, தலையும் காலும் ஒடுங்கியது. நீள்சதுரத்தைத் திருப்பினார், சிக்கியது. ஒடுங்கியது வழுக்கிக்கொண்டு போனது.

"ரெண்டும் ஒரே நீளம், ஒரே அகலம் தம்பி. நாலு மூலைதான் இடிக்குது. தோளுக்கு ஜாகா வேணும், காலுக்கு எதுக்கு?"

"அட்டைக்கு சரிதாண்ணே. அம்மா என்ன அட்டையா?" என்றான் தம்பி.

ரெமிஜியஸ் முகம் ஒரு கணம் சுருங்கியது. "செவுத்துல பட்டுச்சுன்னா இந்தத் தொழிலையே வுட்டுடறேன்" என்றார்.

அன்று இரவெல்லாம் அவர் பட்டறையில் ரம்பச் சத்தம். காலையில் ஜெபம் முடிந்து பெட்டி இறங்கியது. தலைப்பக்கம் தம்பி, கால்பக்கம் உறவுக்காரர் ஒருவர். திருப்பத்தில் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டார்கள். "கால் முன்னாடி... மெதுவா... இப்ப தலைய செவுத்துப் பக்கம் தள்ளு" என்று கீழ்ப்படியிலிருந்து ரெமிஜியஸின் குரல் மட்டும் கேட்டது. உள்மூலையைத் தோள்பகுதி கடந்தபோது இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. நானே செய்த பெட்டி போல பின்னால் இறங்கிய எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படியே மூன்று மாடி.

வாசலில் கடைசி முறையாக முகம் பார்க்க மூடியைத் திறந்தார்கள். அம்மாவின் நெஞ்சில் வைத்த சம்பங்கி வைத்த இடத்திலேயே இருந்தது. பியாட்ரிஸ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

கோயிலுக்குத் தூக்கிப் போகும்போது வீட்டு ஆண்கள்தான் தோள் கொடுப்பார்கள். பெட்டி செய்தவர் பையை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவது வழக்கம். ரெமிஜியஸும் ஒதுங்கினார். தலைமாட்டில் நின்ற தம்பி தன் இடத்தைவிட்டு விலகி வந்து, அவர் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

ரெமிஜியஸ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைமாட்டில் போய் நின்றார்.