பறவைநாகத்துக்கு ஒரு நேர்த்திக்கடன்

"அத்தை, டிராகன் கதை கடைசிப் பாகம் வந்துட்டு!" என்று கத்திக்கொண்டே மருமகள் கூரியர் உறையைக் கிழித்தாள். அப்பாவைக் கொன்ற டிராகன்களை மகள் பழிவாங்கும் கதை. கண் மங்கிய எனக்கு அவள்தான் வாசித்துக் காட்டுகிறாள். நான் முதல் பாகத்திலிருந்தே டிராகன் கட்சி.

புது அச்சுமை வாசம் என்னைச் சங்கரன்கோவிலுக்கு, என் பத்து வயதுக்கு இழுத்துப் போனது. அன்றைய கதைப் புத்தகங்களில் டிராகனுக்குப் பெயர் பறவைநாகம். ஊரை எரித்த பறவைநாகங்களை ஓர் இளவரசன் தேடித் தேடிக் கொல்வான். எழுத்தறியாத மதினிக்கு நான்தான் வாசிப்பேன். அண்ணன் கடைசிப் புத்தகத்தோடு சிவகிரி பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று, மதினி உலையில் அரிசி போடவே மறந்துவிட்டாள்.

மிச்சம் ஒரே ஒரு நாகம். இளவரசன் வாளை ஓங்கினான்.

"நிறுத்துட்டி!" மதினி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே, கோமதியம்மன் உண்டியலில் போடும் வெள்ளித்தகட்டு நாகம். "அது பொழைக்கணும்னு நேந்திருக்கேன். இப்ப வாசி."

அடுத்த வரியில் நாகத்தின் தலை உருண்டது. நான் ஒரு நொடி மூச்சைப் பிடித்தேன்.

"வாளைக் கீழ போட்டுட்டான் மதினி! நாகம் பறந்து போயிட்டு!"

மதினி என்னைத் தூக்கிச் சுற்றினாள். உலையை அப்படியே விட்டுவிட்டுக் கோவிலுக்கு ஓடினோம்.

கூரியர் வந்த நான்காம் நாள் மருமகள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கடைசி டிராகனின் கழுத்தில் வாள்.

"சீக்கிரம் வாசிட்டி!"

அவள் ஒரு நொடி மூச்சைப் பிடித்தாள்.

"விட்டுட்டா அத்தை. பறந்து போயிட்டு."