வெட்டலாம், சேர்க்கக் கூடாது

என் வீட்டுக்காரர் உடம்பில் ஐந்து தழும்புகள். நெற்றியில் இருப்பது இரும்பு வாளியால் எறிந்தது. முழங்கையில் கொதிக்கிற தண்ணீர். தொடையில் நாய் கடித்தது. அவிழ்த்துவிட்டவர் ஓய்வுபெற்ற வாத்தியார், கேட்டுக்குள் நின்று வேடிக்கை பார்த்தாராம். மற்ற இரண்டும் எந்தத் தெருவில் வாங்கியவை என்று அவருக்கே மறந்துவிட்டது. கரண்டு பில் கட்டாத வீடுகளுக்குப் போய்க் கம்பத்தில் ஏறி ஒயரை வெட்டுவது அவர் வேலை. ஊரே அவரைக் கத்திரி என்று கூப்பிடும். என்னைக் கத்திரி பொண்டாட்டி என்பார்கள். அவர்கள் வாயில் மண் விழ.

வெட்டுவதற்கு ஒரு கம்பெனி, சேர்ப்பதற்கு வேறொரு கம்பெனி. மின் அலுவலகம் அப்படித்தான் ஒப்பந்தம் போட்டிருந்தது. இவர் கம்பெனிக்கு வெட்டுக்கு இவ்வளவு என்று கூலி. பட்டியலில் ஒரு வீட்டை விட்டுவிட்டால் அபராதம். தப்பான வீட்டை வெட்டினால் ஒன்றுமில்லை. சேர்க்கிற கம்பெனிக்கு இருபத்துநாலு மணி நேரக் கெடு. உடனே வந்தாலும் அதே காசு, கடைசி மணியில் ஆடி அசைந்து வந்தாலும் அதே காசு. எவன் ஓடி வருவான்? பரிதாபப்பட்டு இவரே ஒரு ஒயரைச் சேர்த்துவிட்டால் அதற்கு மின்திருட்டு என்று பெயர். வேலை போய்விடும். இதையெல்லாம் எழுதினவர்களில் ஒருத்தராவது அந்த ஏணியில் ஏறியிருப்பாரா?

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள். பட்டியலில் கடைசி, எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கும் குஞ்சு பொரிக்கிற கொட்டகை. மெஷினுக்குள் மூவாயிரம் முட்டை, இருபதாம் நாள். மறுநாள் குஞ்சு வெளியே வர வேண்டும். இவர் வெட்டி முடிக்கவும், கொட்டகைக்காரம்மா ரசீதோடு ஓடி வரவும் சரியாக இருந்தது. முந்தின நாளே பணம் கட்டிவிட்டாள். பட்டியலோ அதற்கும் முந்தின நாள் அச்சடித்தது.

"ஏன்யா, கண்ணு அவிஞ்சு போச்சா? கட்டியாச்சுய்யா! சேர்த்து வுடு!"

"அம்மா, வெட்டத்தான் எனக்கு அதிகாரம். சேர்க்க வேற ஆளுங்க வருவாங்க."

"எப்ப?"

"நாளைக்குள்ள."

அவள் ஏணியை ஒரே உதையில் தள்ளினாள். அவள் தம்பி அதைக் கோடாலியால் நடுவில் பிளந்தான். இவர் கம்பத்தில் இடுப்புப் பட்டையோடு தொங்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போன் போட்டார். சேர்க்கிற கம்பெனியைக் கேளுங்கள் என்றார்கள். அவர்கள், இன்னும் இருபத்துமூன்றரை மணி நேரம் இருக்கிறதே என்றார்கள். தன் கம்பெனி மேனேஜர், "மேல என்ன வேணா ஆகட்டும், கை வச்சிடாத" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி சொல்லி நான் ஓடிப் போனபோது கல் பறந்துகொண்டிருந்தது. ஒன்று அவர் காதைக் கிழித்தது. சட்டைக் காலர் முழுக்க ரத்தம். நான் கொட்டகைக்காரம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பி என் வாயில் குத்தினாள். பல்லொன்று ஆடியது. குத்திய கையோடு அவளே ஓவென்று அழுதாள்.

"ஜெனரேட்டர் செத்துக் கெடக்குதுடி. மெஷின்ல இருக்கிற சூடு நாலு மணி நேரம் தாங்கும். அப்புறம் உள்ள இருக்கிறது அத்தனையும் பொணம். எல்லாம் கடன்ல வாங்கின முட்டை. நான் எங்கடி போவேன்?"

அவள் தம்பி எறிந்த அரைச் செங்கல் இவர் வலது கையில் விழுந்தது. விரல்கள் முறிந்த சத்தம் கீழே நின்ற எனக்குக் கேட்டது. "வேலை மயிராச்சு! சேர்த்துத் தொலைங்க!" என்று கத்தினேன். அவர் கரண்டு இல்லாத கொட்டகைப் பக்க ஒயரை இடது கையாலும் பல்லாலும் சீவி, ரப்பர் உறை போட்ட கையால் லைனோடு முறுக்கிச் சேர்த்தார். கொட்டகைக்குள் விளக்கு எரிந்தது. எறிந்தவனே வேறு ஏணி கொண்டுவந்து அவரை இறக்கினான். சண்டாளன்.

மறுநாள் வேலை போனது. மின்திருட்டு வழக்கும் வந்தது. சேர்க்கிற கம்பெனிக்காரன் அந்த இணைப்பைத் தன் கணக்கில் எழுதி, ஒரே மணி நேரத்தில் சேர்த்ததாகப் பாராட்டுக் கடிதம் வாங்கிக்கொண்டான். வெட்கமாவது மானமாவது.

இவர் விரல்கள் வளைந்தபடியே கூடின. கட்டிங் பிளேயரைப் பிடிக்க முடியாது. என் தையல் மெஷினின் மோட்டார்தான் நான்கு மாதமாக வீட்டில் அடுப்பை எரிய வைத்தது. அதிலும் இரண்டு பில் நின்றுபோனது. போன வாரம் அண்ணனிடம் கைமாற்று வாங்கி ஓடிப் போய்க் கட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை, அறுபது பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் காஜா அடித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றது. சாயங்காலத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆர்டரே கிடையாது.

வெளியே வந்தேன். இவர் இடத்துக்கு வந்த புது ஆள் கம்பத்தின் மேல். என்னைவிட மூத்தவர், தலை நரைத்திருந்தது. ரசீதைத் தூக்கிக் காட்டினேன்.

"தெரியுதும்மா. ஆனா சேர்க்க எனக்கு அதிகாரம் இல்ல. நாளைக்குள்ள வருவாங்க" என்றார். இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

அவர் சொல்வது சத்தியம் என்று அந்தத் தெருவில் எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். குனிந்து கல்லை எடுத்தேன். முதல் கல் அவர் தோளில் பட்டது.

"வேணாம்டி, அவரு என்ன பண்ணுவாரு? வேணாம்டி" என்று இவர் பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார். அந்த விரல்களுக்கு வலு இல்லை. உதறிவிட்டு அடுத்த கல்லை எறிந்தேன்.